குஞ்சப்பனையில் ஆறு நிமிடங்கள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் குஞ்சப்பனை இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே பலா பழுக்கும். அந்த வாசத்துக்கு யானைகள் வரும். இரவில் அந்த வழியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. யானை நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். ஹாரன் அடிக்கக்கூடாது, முகப்பு விளக்கைத் தாழ்த்த வேண்டும், ஆம்புலன்ஸ் என்றால் சைரனையும் அணைக்க வேண்டும். யானையாக விலகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓர் ஆனி மாத இரவில் அப்படி நின்ற ஒரு ஆம்புலன்ஸில், பின்னால் இருந்த நோயாளிக்கு ஆறு நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் போனது. நிரம்பிய சிலிண்டர் ஒன்று அவர் தலைமாட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திறக்க வேண்டிய ஸ்பேனர் நாலடி தள்ளி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்தது. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அவ்வளவுதான் தூரம்.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவன். இப்போது நீலகிரியில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அந்த வண்டியின் பணியாளர்கள் இருவரோடும் தனித்தனியாகவும் பிறகு சேர்த்தும் பல மணி நேரம் பேசிய பின் இதை எழுதுகிறேன். இருவரின் ஒப்புதலும் நோயாளி குடும்பத்தின் ஒப்புதலும் இருக்கின்றன. அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறேன். இருவரில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. இருவருமே தங்கள் வேலையை நன்றாக அறிந்தவர்கள். அதனால்தான் இந்த நிகழ்வு என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது.

அந்த இரவு

தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து ஆம்புலன்ஸ் என்றால் இருவர் என்று ஆகிவிட்டது: ஓட்டுகிற பைலட், நோயாளியைக் கவனிக்கிற மருத்துவ உதவியாளர். தனியார் வண்டிகளும் அறக்கட்டளை வண்டிகளும்கூட இப்போது அதே பெயர்களைத்தான் பயன்படுத்துகின்றன. நான் சொல்லும் வண்டி ஓர் அறக்கட்டளையுடையது. பைலட்டுக்கு நாற்பத்தேழு வயது. இந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். மருத்துவ உதவியாளர் இருபத்துநான்கு வயதுப் பெண். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். அவர் இவரை ‘அண்ணா’ என்பார். இவர் அவரைப் ‘பாப்பா’ என்பார்.

இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. போகிற பைலட் வருகிற பைலட்டிடம் சொன்னது: “ஒரு சிலிண்டரில் கொஞ்சம் குறைவு. இன்னொன்று முழுசாக இருக்கிறது.” இவர் அதை அந்தப் பெண்ணிடம் இப்படிக் கடத்தினார்: “ஆக்சிஜனைப் பார்த்துக்கொள், பாப்பா.” அவர் “சரி, அண்ணா” என்றார்.

இந்த மூன்று வாக்கியங்களில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது. ‘கொஞ்சம்’ என்பதற்கு அளவே கிடையாது; கேட்பவர் மனத்தில் இருக்கும் அளவுதான் அதன் அளவு. அதுவும் இரண்டாவது வாயில் மறைந்துபோய், ‘பார்த்துக்கொள்’ மட்டும் மிஞ்சியது. ‘பார்த்துக்கொள்’ என்பதை அந்தப் பெண் தினமும் கேட்கிறார். வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள் என்பது போன்ற ஒரு பேச்சு.

ஒன்பதே முக்காலுக்கு அழைப்பு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், அறுபதை ஒட்டிய வயது, மாரடைப்பைத் தொடர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கோத்தகிரி மருத்துவமனையில் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, நீர் பிரியும் ஊசியும் போட்டு, மேல்சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்பினார்கள். ஆக்சிஜன் கொடுக்காதபோது, விரலில் வைத்த ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 84 சதவீதம் என்று காட்டியது. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொடுத்ததும் 93 ஆனது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஐந்தில் நான்கு பங்குதான். ஆரோக்கியமான நுரையீரலுக்கு அது பெரிதல்ல. நீர் கோத்த நுரையீரலுக்குப் பெரிது. அவரைக் கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வைத்தே கொண்டுபோனார்கள்.

10.05-க்குக் கிளம்பினார்கள். மகன் முன்னால் பைலட் பக்கத்தில், மனைவி பின்னால். கிளம்பும்போது அந்தப் பெண் சிலிண்டர் மானியைப் பார்த்தார். முள் 50-இல் இருந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் பரவலாக இருக்கும் பி வகைச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவில் அழுத்தம் இருக்கும், ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். ஆகவே முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 50 என்றால் 500 லிட்டர். 12 லிட்டர் வீதம் செலவானால் 41 நிமிடம். மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரம், கோவை அதற்கும் அப்பால். யானை வந்திருக்கவே வேண்டாம். வழியில் எப்படியும் சிலிண்டர் மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதற்குத்தான் இரண்டாவது சிலிண்டர் இருக்கிறதே என்று அவர் நினைத்தார். சரியான நினைப்புதான். ஆனால் மாற்றுகிற ஸ்பேனர் முந்தின நாள் இந்தப் பைலட் கையில் இருந்ததும், தொலைந்துவிடக்கூடாது என்று அவர் அதைத் தன் பெட்டியில் பத்திரப்படுத்தியதும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பைலட் செய்ததும் சரியான வேலைதான்.

வண்டி நகரத் தொடங்கியபோது ஜன்னல் வழியாக அவர் கேட்டார்: “அண்ணா, சிலிண்டர் போதுமா?”

“போதும் பாப்பா. கீழே இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும்.”

அவர் கேட்டது ஆக்சிஜனைப் பற்றி. இவர் பதில் சொன்னது பாதையைப் பற்றி. இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகும், மூச்சு எளிதாகும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய அனுபவம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 50 என்ற எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கண்ணாடி ஜன்னல் மூடப்பட்டது. குளிருக்காகப் பின்பக்கம் அதன்மேல் கம்பளிகள் அடுக்கப்பட்டன.

10.38-க்குக் குஞ்சப்பனைக்குச் சற்று மேலே வண்டி நின்றது. சைரன் ஓய்ந்தது. முன்னால் குட்டியோடு ஒரு கூட்டம். பைலட் மகனிடம் அசையாதே என்று சைகை காட்டிவிட்டு, விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஸ்டீயரிங்கில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. வண்டி ஏன் நின்றது, சைரன் ஏன் நின்றது, இஞ்சின் கோளாறா, சாலை மறியலா? கைப்பேசியில் சிக்னல் இல்லை.

10.41-க்கு அந்தப் பெண் மானியைப் பார்த்தபோது முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது. இரண்டாவது சிலிண்டருக்கு ஸ்பேனரைத் தேடினார். அது இருக்க வேண்டிய கொக்கி காலியாக இருந்தது. இருப்பதை நீட்டிப்பதற்காக 12-ஐ 6 ஆகக் குறைத்தார். பை வைத்த மாஸ்க்குக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். குறைந்தால் பை ஒட்டிப்போகும். ஒட்டிப்போனது. கம்பளியை விலக்கி ஜன்னலைத் தட்டினார். பைலட் திரும்பாமலே கையை உயர்த்தி, “சத்தம் போடாதே” என்று கிசுகிசுத்தார். கண்ணாடிக்கு அந்தப்புறம் தெரிந்த நிழல்களைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு யானை என்பதே புரிந்தது. பயந்துபோய்த் தட்டுகிறாள் என்று பைலட் நினைத்தார். ஆக்சிஜன் தீர்வது தெரிந்துதான் அமைதியாக இருக்கச் சொல்கிறார் என்று அந்தப் பெண் நினைத்தார்.

அவர் மீண்டும் தட்டவில்லை.

10.52-க்குச் சிலிண்டர் காலியானது. ஆம்பு பையை மாஸ்க்கில் பொருத்தி, நோயாளியின் மூச்சோடு மூச்சாக வெறும் காற்றை அழுத்திக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியது அதுதான். அதைச் சரியாகச் செய்தார். 93 என்றிருந்தது 85, 79 என்று இறங்கி 10.57-க்கு 71 ஆனது. நோயாளியின் உதடு நீலம் பாய்ந்தது.

அப்போது ஜன்னலில் அறைந்தவர் நோயாளியின் மனைவி. “தம்பி, மூச்சு போகிறது! யானை மிதித்தாலும் பரவாயில்லை, திரும்பிப் பாருங்கள்!” பைலட் திரும்பினார். காலி மானியையும் ஆம்பு பையையும் பார்த்தார். கேட்காமலே பெட்டியைத் திறந்து, ஜன்னலைத் தள்ளி, ஸ்பேனரை நீட்டினார். ஒரு நிமிடத்துக்குள் சிலிண்டர் மாறியது. நாலைந்து நிமிடத்தில் 90. யானைகள் விலகியது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெரியவர் ஒன்பது நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார்.

எங்கே அறுந்தது

இந்த நிகழ்வைக் கேட்டவர்கள் முதலில் சொல்வது, “ஸ்பேனரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள்.” கட்டிவிட்டோம். மறுநாளே. ஆனால் நாளைக்கு ஸ்பேனருக்குப் பதில் வேறொன்று இடம் மாறும். என்னை உறுத்துவது அந்தப் பதினாறு நிமிடம்: 10.41-க்கு அவருக்குத் தெரிந்துவிட்டது. 10.57 வரை பைலட்டுக்குத் தெரியவில்லை. இருவரும் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருந்தார்கள். சாலையைப் பற்றிய உண்மை முழுவதும் முன்னால், நோயாளியைப் பற்றிய உண்மை முழுவதும் பின்னால். இரண்டையும் சேர்க்க வேண்டிய பேச்சு நடக்கவில்லை.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகருக்கு மேலே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமடித்தது. தரையிறங்கும் சக்கரத்தில் கோளாறு. கேப்டனின் கவனம் முழுவதும் அதில். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடனிருந்தவர்களுக்கு அது தெரியும், சொல்லவும் செய்தார்கள். ஆனால் கேப்டனின் காதில் தைக்கும்படி சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் புறநகரில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். கேப்டன் எரிபொருளைக் கவனிக்கத் தவறியதை மட்டுமல்ல, மற்ற இருவரும் தங்கள் கவலையை உறைக்கும்படி தெரிவிக்கத் தவறியதையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. 1979-இல் நாசா இதுபோன்ற விபத்துகளைப் பற்றி ஒரு பட்டறை நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானக் குழு முழுவதற்கும் சேர்ந்து பேசவும் முடிவெடுக்கவும் பயிற்சி தரத் தொடங்கியது. மருத்துவத்துக்கு அது பிறகுதான் வந்தது. 2006-இல் அமெரிக்கச் சுகாதார ஆய்வு முகமையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தை வெளியிட்டன.

எரிபொருள் முள்ளையும் ஆக்சிஜன் முள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. “அண்ணா, சிலிண்டர் போதுமா?” என்பது ஒரு கேள்வியே அல்ல. அது கேள்வி வேடம் போட்ட எச்சரிக்கை. நம் ஊரில் சிறியவர்கள் பெரியவர்களிடம் இப்படித்தான் பேசக் கற்றிருக்கிறோம். நேராகச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். அதனால் கேள்வியாக மடித்துக் கொடுப்போம்; பெரியவர் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். திருமண வீட்டில் இது அழகு. மலைப்பாதையில் இரவு பத்தரை மணிக்கு ஒருவர் மூச்சு இதை நம்பி இருக்கக்கூடாது.

இன்னொரு காரணம் எங்களைச் சேர்ந்தது, பயிற்சி கொடுக்கிறவர்களை. பைலட்டுகளுக்கு வண்டிப் பயிற்சி கொடுத்தோம். மருத்துவ உதவியாளர்களுக்கு மருத்துவப் பயிற்சி கொடுத்தோம். தனித்தனி அறைகளில், தனித்தனி நாட்களில். அந்தப் பெண் வகுப்பறை மேசையில் வைத்துச் சிலிண்டர் மாற்றியிருக்கிறார். ஓடுகிற வண்டியில், இருட்டில், பைலட்டோடு சேர்ந்து ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஒன்றாக வேலை செய்யும் இருவரை ஒன்றாகப் பயிற்றுவிக்கவே இல்லை. இந்தத் தவற்றை நான் என் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறேன்.

பயிற்சியை மாற்றியபோது

முதலில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் அச்சடித்தோம். இரண்டே வாரத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்த தாள்கள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. சில தாள்கள் மறுநாள் ஷிப்டுக்கும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தன. தாளை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக ஷிப்ட் தொடக்கத்தில் வண்டியின் பின்கதவு அருகே இருவரும் நின்று, மூன்று எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இரண்டு சிலிண்டர்களின் அழுத்தம், டீசல். ஒருவர் சொல்ல மற்றவர் அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘கொஞ்சம்’, ‘போதும்’, ‘இருக்கிறது’ ஆகிய மூன்று சொற்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. நோயாளியை ஏற்றியதும் நான்காவது எண் சேரும்: இந்த ஆக்சிஜன் எத்தனை நிமிடம் வரும். அதை மருத்துவ உதவியாளர் சொல்வார். பைலட் தன் எண்ணைச் சொல்வார்: எத்தனை நிமிடப் பாதை. இரண்டு எண்களும் பக்கத்தில் நின்றால், மீதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது எச்சரிக்கைச் சொற்கள். டீம்ஸ்டெப்ஸில் படிப்படியாக உரக்கும் வாக்கியங்கள் இருக்கின்றன: கவலையாக இருக்கிறது, மனம் ஒப்பவில்லை, இது பாதுகாப்புப் பிரச்சினை என்று. நான் அதை அப்படியே தமிழில் பலகையில் எழுதினேன். எவரும் சிரிக்கவில்லை, எவரும் சொல்லவும் இல்லை. அந்த வாக்கியங்கள் அவர்கள் வாயில் நிற்கவே இல்லை. பிறகு பலகையை அழித்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரம் விவாதித்து அவர்கள் வந்து சேர்ந்த இடம் இது. முதலில், “அண்ணா, ஒரு நிமிடம்” என்று சொல்லி எண்ணைச் சொல்வது. பதில் வராவிட்டால், எண்ணை மறுபடி சொல்லி, என்ன வேண்டும் என்பதையும் சேர்ப்பது. அதற்கும் பதில் இல்லையென்றால், “நோயாளிக்கு ஆபத்து” என்பது. ‘ஆபத்து’ என்ற சொல் விழுந்தால் அதன்பிறகு வாதம் கிடையாது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வழக்கைப் பிறகு டீக்கடையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது.

‘அண்ணா’வை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்ற பேச்சும் வந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அதை மறுத்தவர் குஞ்சப்பனை பைலட்தான். “அண்ணா என்று கூப்பிடட்டும். தங்கை ஓடிவந்து சொன்னால் கேட்க வேண்டியவன்தானே அண்ணன்? அன்றைக்கு நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.” அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உறவுச்சொல் வாயை அடைக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே சொல் காதைத் திறக்கவும் கடமைப்பட்டது என்று அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் ‘பாப்பா’வை அவராகவே விட்டுவிட்டார். இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

வண்டிக்குள் செய்யும் பயிற்சிதான் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்தி, உள்விளக்கை அணைத்து, கையாலேயே தடவிச் சிலிண்டர் மாற்ற வேண்டும். வால்வை மூடுவது, ரெகுலேட்டரில் எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுவது, கழற்றுவது, அடுத்ததில் பொருத்தி இறுக்குவது, மெதுவாகத் திறப்பது, கசியும் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பது. முதல் நாள் சிலருக்கு நான்கு நிமிடம் ஆனது. பிறகு இடம் மாற்றினோம்: பைலட் பின்னால் உட்கார, வேறொருவர் ஓட்ட, வளைவுகளில் வண்டி இறங்கும். இருபது ஆண்டு ஓட்டியவர்களில் பலர் தங்கள் வண்டியின் பின்பக்கத்தில் பயணம் செய்ததே இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆம்பு பையை அழுத்திப் பார்த்த ஒரு பைலட், கீழே இறங்கியதும் வாந்தி எடுத்தார். அதன்பிறகு அவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் “வளைவு, வலப்பக்கம்” என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டி நின்றால் ஏன் நின்றது என்று பின்னால் சொல்வதும் அப்படியே வழக்கமானது. “யானை. சத்தம் வேண்டாம். ஆபத்து என்றால் சொல்.” மூன்று சிறு வாக்கியங்கள், கிசுகிசுத்தாலும் போதும். ஜன்னலில் கம்பளி வைப்பதற்குத் தடை.

ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று வைத்தோம். இது ஒரு மாதம் வரை படுதோல்வி. பேச்சு உடனே “நீ ஏன் அப்படிச் செய்தாய்” என்று குறைசொல்லலாக மாறியது. இரண்டு பேர் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம்: வயதில் மூத்தவர் முதலில் தன் பிழையைச் சொல்ல வேண்டும். மூத்தவர் “வழியில் நான் உன் எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை” என்று தொடங்கிவிட்டால், இளையவர் தன்னுடையதைச் சொல்லத் தயங்குவதில்லை. டீயும் வர்க்கியும் வந்து சேர்வதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஷிப்ட் பட்டியல் மாறும்போது ஜோடிகள் பிரிகின்றன. பழகிய காதும் பழகிய குரலும் வேறு வேறு வண்டிக்குப் போகின்றன. பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் எண்களைத் திருப்பிச் சொல்வது தேய்கிறது. அதை நானே வண்டியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மருத்துவமனையில் நோயாளியை ஒப்படைக்கும்போது இவர்கள் சொல்வதை நின்று கேட்க அங்கே ஆள் இருப்பதில்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஐப்பசியில் ஒரு நாள் அவர்கள் வண்டியில் நானும் போனேன். மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு, மூச்சுத்திணறலோடு ஒரு மூதாட்டி. மேகம் சாலையில் படுத்திருந்தது; பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஊர்ந்தது. பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்: “அண்ணா, ஒரு நிமிடம். 40. பத்து லிட்டர். நாற்பது நிமிடம் வரும்.” “40, நாற்பது நிமிடம்” என்றார் அவர். “இந்த மேகத்தில் எனக்கு ஐம்பது ஆகும். அடுத்த திருப்பத்தில் இடம் இருக்கிறது. நிறுத்துகிறேன், மாற்றிவிடு.” நிறுத்தினார். பின்னால் ஸ்பேனர் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டது. முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. “135” என்றார் அவர். “135” என்றுவிட்டு இவர் கியரைப் போட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கூடலூரில் வேலை. அவர் இடத்துக்கு வருகிற இளைஞரை, முதல் ஷிப்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறார் பைலட். உள்விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் சேர்ந்து ஒருமுறை சிலிண்டர் மாற்றிப் பார்ப்பதற்காக.